மேஸோன் இக்கோகு: 40 வருஷப் பழைய காதல் காமெடியை இப்போ படிக்கணுமா?

'ரான்மா ½' புது அனிமே 2024-ல் நெட்பிளிக்ஸ்ல வந்ததுக்கு அப்புறம் நம்ம ஹாஸ்டல் பக்கம் ஒரு பெயர் அடிக்கடி காதில் விழுது: ருமிகோ தகஹாஷி. அதுக்கு முன்னாடியே 'இனுயாஷா' பார்த்து வளர்ந்த கூட்டம் ஒன்று இருக்கு. 2022-ல் 'உருசேய் யாட்சுரா' புதுசா திரும்பி வந்தப்போ லம் படத்தை டிபி-யா வைத்தவங்களும் உண்டு. இப்படி உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அந்தம்மாவோட ஆரம்ப கால மாங்கா எல்லாம் இப்போ படிக்கத் தகுமா? இல்ல, பழசுங்கிறதாலேயே எல்லாரும் கொண்டாடுறாங்களா?"

முதல்லயே என் பதிலைச் சொல்லிடறேன். 'உருசேய் யாட்சுரா'வைப் பத்து அத்தியாயம் படிங்க, பிடிச்சா தொடருங்க, இல்லேன்னா விட்டுடுங்க, பாவம் இல்லை. ஆனா 'மேஸோன் இக்கோகு'வை முழுசா படிங்க. அதுவும் காலேஜ் முடியறதுக்குள்ள படிங்க. குறிப்பா நீங்க கும்மிடிப்பூண்டி லைன்ல ரயில் ஏறி வர்றவரா இருந்தா, ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட் லிஸ்ட்டை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்க்கிறவரா இருந்தா, இது உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். ஏன்னு சொல்றேன்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

ருமிகோ தகஹாஷி 1957-ல் நீகாட்டாவில் பிறந்தவர். 1978-ல், இன்னும் கல்லூரி மாணவியா இருக்கும்போதே, 'உருசேய் யாட்சுரா' தொடங்கிட்டார். வேற்று கிரகத்தில் இருந்து வந்த லம் என்ற பெண்ணும், பூமியிலேயே ராசி கெட்ட பையனான அதாருவும். உலகத்தைக் காப்பாற்ற ஓடிப்பிடிச்சு விளையாடி, அதுல ஒரு வார்த்தையைத் தப்பா புரிஞ்சுகிட்டு, கல்யாணமே ஆன மாதிரி லம் அவன் வீட்டில் வந்து உட்கார்ந்துடுவா. அங்கிருந்து 34 தொகுதிகளுக்கு ஒரே கலாட்டா.

அந்தத் தொடர் வாரப் பத்திரிகையில் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, 1980 கடைசியில், 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்ற புதுப் பத்திரிகையில் 'மேஸோன் இக்கோகு'வையும் ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு வயசு 23. அதாவது உங்களைவிட ஒன்றிரண்டு வயசுதான் பெரியவர். அந்த வயசுல ரெண்டு தொடர், ரெண்டு வேற வேற வாசகர் கூட்டம். ரெண்டையுமே 1987-ல் முடிச்சார். 2019-ல் பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் அவருக்கு கிராண்ட் பிரி கொடுத்தாங்க. காமிக்ஸ் உலகத்தின் ரொம்பப் பெரிய மரியாதைகளில் அது ஒன்று.

இந்த ரெண்டு ஆரம்பத் தொடரையும் பக்கத்துல வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சுனு தெரியும். 'உருசேய் யாட்சுரா'வில் யாருக்கும் வயசு ஆகாது. போன வாரம் ஊரே இடிஞ்சு விழுந்திருந்தாலும் இந்த வாரம் எல்லாம் பழைய இடத்தில் இருக்கும். சிரிப்புக்கு அது வசதி. ஆனா அதில் யாரும் எதையும் இழக்கிறதும் இல்லை, கற்றுக்கிறதும் இல்லை. சிரிச்சு முடிச்சதும் கையில் ஒன்றும் நிற்காது. 'மேஸோன் இக்கோகு' அப்படி இல்லை. அதில் காலம் ஓடும்.

கதை என்ன?

டோக்கியோவில் ஒரு பழைய மரக் கட்டடம். பெயர் இக்கோகு-கான். 'மேஸோன்' என்றால் பிரெஞ்சில் வீடு. பெயரைக் கேட்டதும் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஞாபகம் வந்தால் தப்பே இல்லை, கிட்டத்தட்ட அதேதான். குளிக்க வெளியே பொதுக் குளியலறைக்குப் போகணும். ரூமுக்கு ரூம் போன் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் இந்தப் பக்கம் கேட்கும்.

ஐந்தாம் நம்பர் அறையில் இருக்கிறவன் கோடாய். 'ரோனின்'. ஒரு காலத்தில் தலைவன் இல்லாத சாமுராயை அப்படிச் சொன்னாங்க. இப்போ நுழைவுத் தேர்வில் தோற்று, எந்தக் காலேஜும் கிடைக்காம, இன்னொரு வருஷம் கோச்சிங் போறவனை ஜப்பானில் அப்படிச் சொல்றாங்க. நம்ம ஊர்ல 'ரிப்பீட்டர்' என்கிறோமே, அவன்தான். நீட் ரெண்டாவது அட்டெம்ப்ட் எழுதின ஒரு பையனோ பொண்ணோ இல்லாத தெரு இன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கா? அப்படின்னா கோடாயை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவனைப் படிக்க விடாத ஒரு கூட்டம் அந்த வீட்டில் இருக்கு. ஒன்றாம் நம்பர் அறை இச்சினோசே அம்மா, கையில் சரக்கு கிடைச்சா போதும், விசிறியை எடுத்துக்கிட்டு ஆட ஆரம்பிச்சுடுவாங்க. ஆறாம் நம்பர் அகேமி, பாரில் வேலை, வீட்டில் நைட்டியோடதான் உலாத்துவாள். நாலாம் நம்பர் யோட்சுயா, அந்தாளுக்கு என்ன வேலை என்று 15 தொகுதி முடிஞ்சும் நமக்குத் தெரியாது. அவர் சுவரை உடைச்சு ஓட்டை போட்டு, அதன் வழியா கோடாய் அறைக்குள் வருவார். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பார்ட்டி நடக்கிற இடமும் அதே அஞ்சாம் நம்பர்தான். செமஸ்டர் நேரத்தில் ஹாஸ்டல்ல உங்க ரூமை மட்டும் குறிவைத்து வந்து உட்கார்ற நாலு பேரை நினைச்சுக்கோங்க.

தாங்க முடியாம கோடாய் மூட்டை கட்டிக் கிளம்புற அன்னைக்குத்தான் புது மேனேஜர் வந்து சேர்றாங்க. கியோகோ ஒட்டோனாஷி. அவனைவிட 2 வயசு பெரியவள். கூடவே ஒரு பெரிய வெள்ளை நாய். மூட்டையைப் பிரிச்சுடறான் கோடாய். அவ்வளவுதான், கதை ஆரம்பம்.

கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அவனுக்கு விஷயம் தெரிய வருது. கியோகோ விதவை. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட முழுசா முடியல, கணவர் இறந்துட்டார். அவர் பெயர் சோய்ச்சிரோ. நாய்க்கும் அதே பெயர். அந்தக் கட்டடத்தின் உரிமையாளரே அவளுடைய மாமனார்தான். துக்கத்தில் இருக்கிற மருமகளுக்கு ஒரு மாற்றமா இருக்கட்டும்னு இந்த வேலையைக் கொடுத்திருக்கார்.

ஒரு சின்னச் சுவாரசியம். இந்தக் கதையில் முக்கியமானவங்க பெயர்களில் ஜப்பானிய எண்கள் ஒளிஞ்சிருக்கு. இச்சினோசேவில் 1, யோட்சுயாவில் 4, கோடாயில் 5, அகேமியின் குடும்பப் பெயர் ரொப்போங்கியில் 6. அறை எண்ணும் அதேதான். வெளியில் இருந்து வர்ற போட்டியாளன் மிதாக்காவில் 3. ஒட்டோனாஷிக்கு மட்டும் எண் பூஜ்யம். நடுவில் நிற்கிற அந்தப் பூஜ்யத்தைச் சுற்றித்தான் மற்ற எண்கள் எல்லாம் ஓடுது.

காலம் ஓடுகிற காமெடி

இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்துவது எது என்று ஒரே விஷயம் சொல்லச் சொன்னால், காலம் என்பேன். 1980-ல் தொடங்கிய கதை 1987-ல் முடியுது. கதைக்குள்ளேயும் கிட்டத்தட்ட அதே ஏழு வருஷம் போகுது. பத்திரிகையில் படிச்ச ஜப்பானிய மாணவன் ஒருவன் முதல் வருஷம் சேரும்போது கோடாயும் காலேஜ் சேர்ந்திருப்பான். அவன் வேலை தேடி அலையும்போது கோடாயும் அலைஞ்சிருப்பான். கிறிஸ்துமஸ் வரும், புத்தாண்டு வரும், செர்ரிப்பூ பூக்கும், அடுத்த வருஷமும் பூக்கும். ஓவியம்கூட அப்படித்தான். முதல் தொகுதியில் வட்ட வட்டமா, கொஞ்சம் அவசரமா வரைஞ்ச முகங்கள், கடைசித் தொகுதிக்கு வரும்போது மெலிஞ்சு, அமைதியாகி, வயசு ஏறி நிற்கும்.

நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு இது புரியும். குமுதம், விகடன், கல்கியில் வாராவாரம் தொடர்கதை படிச்சவங்க அவங்க. ஜெயராஜும் மாருதியும் வரைஞ்ச படத்தை வைத்துக் கதாநாயகியை மனசுல பதிய வைத்தவங்க. ஒரு பாத்திரத்தோடு மாதக்கணக்கில் வாழறது என்றால் என்னன்னு அவங்களுக்குத் தெரியும். நமக்குத் தமிழில் காமிக்ஸ் என்றால் அது வேற வழியில் வந்துச்சு. சிவகாசியில் இருந்து 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர், லக்கி லுக். துப்பாக்கி, குதிரை, உளவாளி. அருமையான உலகம்தான், நான் குறை சொல்லலை. ஆனா வாடகை கட்ட முடியாத ஒரு பையன் மாடிப்படியில் உட்கார்ந்து யோசிக்கிற காமிக்ஸ் அந்தப் பக்கம் அபூர்வம். அந்தக் காலி இடத்தில்தான் 'மேஸோன் இக்கோகு' வந்து உட்காருது.

இறந்தவனோடு எப்படிப் போட்டி போடுவது?

காதல் காமெடி என்றால் ஒரு போட்டியாளன் வேணும். இங்கே மிதாக்கா இருக்கார். டென்னிஸ் கோச், பணக்காரர், அழகர், சிரிச்சால் பல் மின்னும். நாயைக் கண்டா மட்டும் ரத்தம் உறைஞ்சுடும். கியோகோவோட நாய் அவரை மட்டும் ஆசை ஆசையாத் தேடி வரும். இதை வைத்து தகஹாஷி பண்ற காமெடி எத்தனை தடவை வந்தாலும் அலுக்காது.

ஆனா உண்மையான போட்டியாளன் மிதாக்கா இல்லை, சோய்ச்சிரோ. செத்துப்போனவன் தப்புப் பண்ண மாட்டான், கோபப்பட மாட்டான், கிழவனாக மாட்டான். தகஹாஷி ஒரு வேலை பண்ணியிருக்கார், கவனிச்சுப் படிங்க. சோய்ச்சிரோவின் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார். பழைய நினைவுகளில் வரும்போதும் முகம் நிழலில் இருக்கும். கோடாய்க்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும்.

இதே கேள்வியை நம்ம சினிமாவும் கேட்டிருக்கு. 'மேஸோன் இக்கோகு' இன்னும் ஓடிக்கிட்டு இருந்த அதே 1986-ல் வந்த 'மௌன ராகம்' படத்தில், இறந்துபோன காதலனின் நினைவோடு கல்யாணம் ஆகி வர்றா திவ்யா. பொறுமையா நிற்கிறார் கணவர். 2013-ல் 'ராஜா ராணி' அதையே ரெண்டு பக்கமும் போட்டுப் பார்த்துச்சு. ரெண்டுமே நமக்குப் பிடிச்ச படங்கள். ஆனா ரெண்டரை மணி நேரத்தில் ஒரு மனசு மாறித்தான் ஆகணும், இடைவேளை வேற விடணும். 15 தொகுதி இருக்கிறதால தகஹாஷிக்கு அந்த அவசரம் இல்லை. கியோகோ ஒரு நாள் மனம் விட்டுச் சிரிப்பாள், அடுத்த நாளே "நான் அவரை மறக்கிறேனா?" என்று தன் மேலேயே கோபம் வரும். மறக்கிறது துரோகம் என்று அவள் நினைக்கிறாள். துக்கம் என்பது நேர்கோட்டில் குறையறது இல்லை, முன்னேயும் பின்னேயும் போகும் என்பதை ஒரு காமெடித் தொடர் இவ்வளவு பொறுமையாச் சொன்னது எனக்கு ஆச்சரியம்தான்.

இன்னொன்றும் சொல்லணும். கியோகோவைப் பிறந்த வீடு "திரும்பி வா, மறுமணம் பண்ணிக்கோ" என்று நெருக்குது. மாமனார்கூட "நீ சின்னப் பொண்ணு, உன் வாழ்க்கையைப் பாரு" என்கிறார். எதிர்ப்பு வெளியில் இல்லை, அவளுக்குள்ளதான். நம்ம ஊர்ல இது தலைகீழ். இந்தியாவில் விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-ல். தமிழ்நாடு அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமணத்துக்கு நிதியுதவித் திட்டமே நடத்துது. ஆனாலும் ஒரு விசேஷ வீட்டில் ஆரத்தி எடுக்க யாரைக் கூப்பிடறாங்க, யாரைக் கூப்பிடறதில்லைன்னு அடுத்த தடவை பாருங்க. சட்டத்துக்கு வயசு 160-க்கு மேல ஆச்சு, பந்தலுக்குள்ள அது இன்னும் வந்து சேரலை. கியோகோவின் கதையை ஜப்பானிய வாசகர் படிக்கிறதைவிட, ஒரு சித்தியையோ அத்தையையோ மனசுல வைத்து நாம படிக்கும்போது அதன் கனம் கூடுது.

வேலை இல்லாதவனின் காதல்

இப்போ நமக்கு நெருக்கமான இடத்துக்கு வரேன்.

கோடாய் ரெண்டாவது முயற்சியில் பாஸ் ஆகிறான். கிடைச்சது பெயர் சொன்னா யாருக்கும் தெரியாத ஒரு தனியார் காலேஜ். நாலு வருஷம் படிக்கிறான். பொம்மலாட்டக் குழுவில் சேர்றான். பார்ட் டைம் வேலை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். ஃபைனல் இயர் வருது. இன்டர்வியூ, இன்டர்வியூ, இன்டர்வியூ. எங்கேயும் எடுக்கலை. கடைசியா ஒரு சின்னக் கம்பெனி எடுத்துக்கிறதா சொல்லுது. வேலையில் சேர்றதுக்குள்ள அந்தக் கம்பெனியே திவால்.

இதைப் படிக்கும்போது சிரிக்கத்தான் வைப்பார் தகஹாஷி. ஆனா ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, ஜாயினிங் டேட் வராம மாசக்கணக்கில் மெயிலை ரெஃப்ரெஷ் பண்ணின சீனியரை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

அப்புறம் கோடாய் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கிற வேலைக்குப் போறான். அங்கேயும் ஆள்குறைப்பு. கடைசியில் ஒரு கேபரேயில், அங்கே வேலை செய்யற பெண்களோட குழந்தைகளைப் பார்த்துக்கிறான். ஊரில் யார்கிட்டயும் சொல்ல முடியாத வேலை. கியோகோகிட்டயும் மறைக்கிறான். ஆனா அங்கேதான் அவனுக்கு ஒன்று பிடிபடுது. குழந்தைகளோட இருக்கிறது தனக்கு வருது, பிடிக்குது. ராத்திரி அந்தக் குழந்தைகள் தூங்கின பிறகு, குழந்தைப் பராமரிப்பாளர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறான். முதல் அத்தியாயத்தில் படிக்கவே முடியாம ஓடப் பார்த்த அதே பையன்.

நாம படிக்கிற இடத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் சிப்காட் புகை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சிப்காட், தேர்வாய் கண்டிகையில் இன்னொன்று. ஷிஃப்ட் மாறும்போது ரோடு முழுக்க யூனிஃபார்ம். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்தவங்க லைன் வீட்டில் ஒரு அறைக்கு நாலு பேர், ஆறு பேர் என்று தங்கி, ஷிஃப்ட் முறையில் தூங்கறாங்க. அவங்களுக்கும் ஒரு யோட்சுயா இருப்பார், ஒரு இச்சினோசே அம்மா இருப்பாங்க, ஊரில் ஒரு கியோகோ போனுக்குக் காத்திருப்பாள். டிப்ளமோ முடிச்ச நம்ம பசங்க பலர் அதே கம்பெனிகளில் ட்ரெயினி, அப்புறம் காண்ட்ராக்ட், அப்புறம் மறுபடி ட்ரெயினி. "பெர்மனென்ட் ஆகிட்டுச் சொல்றேன்" என்பது இந்தப் பக்கத்தில் ஒரு காதல் வசனம். "செட்டில் ஆகிட்டு வீட்ல பேசறேன்" என்பது அதோட இன்ஜினியரிங் வெர்ஷன்.

இந்த வசனத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கு. சம்பளம் இல்லாதவனுக்குக் காதலிக்க உரிமை இல்லை, அதுவரைக்கும் வாயை மூடிட்டுக் காத்திருக்கணும் என்பது. கோடாயும் அதைத்தான் நம்பறான். "வேலை கிடைச்சதும் சொல்லிடறேன்" என்று தள்ளித் தள்ளி வைக்கிறான். 'மேஸோன் இக்கோகு' இந்த நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கிறதும் இல்லை, தூக்கி எறியறதும் இல்லை. பணம் வேணும் என்பதை அது ஒளிக்கலை. வாடகை வேணும், சாப்பாடு வேணும். மிதாக்காகிட்ட அதெல்லாம் முதல் நாளில் இருந்தே இருந்துச்சு. கோடாய் எப்போ கியோகோ பக்கத்தில் நிற்கத் தகுதியானவனா நமக்குத் தெரிகிறான்? பெரிய கம்பெனியில் சேர்ந்தப்போ இல்லை, அவன் சேரவே இல்லை. வெட்கப்பட்ட வேலையை ஒழுங்காச் செய்ய ஆரம்பிச்சப்போ. வேற யாரோட குழந்தைக்கோ ஜுரம் வந்தா அதைத் தூக்கி வைத்துக்கிற ஆளா மாறினப்போ. ஏழு வருஷக் காத்திருப்பு அவனுக்கு எதையும் வாங்கித் தரலை. அந்த ஏழு வருஷத்தில் அவன் என்னவா ஆனான் என்பதுதான் கணக்கு.

நம்ம சினிமா நமக்கு நிறைய சொல்லிக் கொடுத்தது வேற பாடம். பின்னாடியே போ, விடாதே, மழையில் நில்லு, கடைசியில் அவள் சிரிப்பாள். காத்திருப்பதே காதலுக்குச் சம்பளம் மாதிரி. இந்தப் பாடத்தால் அவதிப்பட்ட தோழிகள் எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருக்காங்க. கோடாய் ஆரம்பத்தில் அப்படி ஒரு ஆள்தான். முதல் சில தொகுதிகளில் அவன் மண்டைக்குள்ள ஓடறது பெரும்பாலும் பகல் கனவு. அவனை அந்த இடத்திலேயே நிறுத்தி ஜெயிக்க வைத்திருந்தா இந்தத் தொடரை நான் சிபாரிசு பண்ணியிருக்க மாட்டேன். தகஹாஷி அவனை வளர விட்டார். வளர்ற வரைக்கும் கதையை முடிக்கலை.

குறைகள் இல்லையா? இருக்கு

பிடிச்ச புத்தகம் என்பதால் எல்லாவற்றையும் மறைக்க முடியாது.

முதலாவது, இழுவை. தொடரில் பாதி சண்டைகள் தப்பா புரிஞ்சுகிட்டதால வர்றது. பாதி கேட்ட பேச்சு, தப்பான நேரத்தில் கதவு திறக்கிறது. "ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே" என்று நீங்க பத்து தடவையாவது கத்துவீங்க. மொபைல் இல்லாத காலம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனா நடுவில் ஐந்தாறு தொகுதிகள் ஒரே இடத்தில் சுற்றுறது உண்மை.

ரெண்டாவது, கோழைத்தனம். கோசுயே என்று ஒரு நல்ல பெண். கோடாய் தன் காதலன் என்று நம்பறா. "இல்லை" என்று சொல்ல அவனுக்கு வருஷக்கணக்கா வாய் வரலை. கியோகோவும் சளைச்சவள் இல்லை. மிதாக்காவை வேண்டாம்னும் சொல்ல மாட்டாள், சரின்னும் சொல்ல மாட்டாள். கோடாய் வேற பெண்ணோட நின்றால் மட்டும் முகம் சிவக்கும். 'ஹீரோ, ஹீரோயின்' என்பதால் இதை நாம மன்னிச்சுடக் கூடாது. கோசுயே பக்கத்தில் இருந்து படிச்சா இது வேற கதை. தகஹாஷிக்கும் இது தெரிஞ்சிருக்குன்னு நினைக்கிறேன், ஆனா கோசுயேவுக்கு அவர் கொடுத்த இடம் போதாது.

மூணாவது, காலம். பொண்ணுங்களை எட்டிப் பார்க்கிறது, குடிச்சுட்டு உளர்றது, அடுத்தவன் தனிமையில் புகுந்து கலாட்டா பண்றது எல்லாம் 1980-களில் சும்மா ஜோக். இன்னைக்கு அது எல்லாமே சிரிப்பு வராது, சிலது கூசும். கோடாய் பயிற்சி ஆசிரியரா ஒரு பெண்கள் பள்ளிக்குப் போகும்போது யாகாமி என்ற மாணவி அவனை விரட்டி விரட்டிக் காதலிக்கிற பகுதியும் எனக்கு நெருடல்தான். கியோகோவும் தன் பள்ளிக்கூடத்து ஆசிரியரைத்தான் காதலிச்சுக் கல்யாணம் பண்ணினா. அந்தக் கதையைத் திரும்ப ஒரு கண்ணாடியில் காட்டத்தான் யாகாமியைக் கொண்டு வந்தார் என்பது புரியுது. புரிஞ்சாலும், ஆசிரியர்-மாணவி விஷயத்தை இவ்வளவு லேசா எடுத்துக்க என்னால முடியலை. உங்களுக்கும் முடியாமப் போனால் அது சரியான எதிர்வினைதான்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் ஏன் சிபாரிசு? ஏன்னா இதில் கடைசி வரைக்கும் யாரும் வில்லன் ஆகலை. மிதாக்காவைக் கெட்டவனாக்கிட்டு கோடாயை ஜெயிக்க வைத்திருந்தா வேலை சுலபம். அப்படிச் செய்யாம, அவருக்கும் ஒரு பயத்தைத் தாண்டிப் போகிற கதை கொடுத்தார். வேலையில்லாத கோடாயைக் கேலி பண்ற அதே கூட்டம்தான் அவன் பட்டினி கிடக்காமப் பார்த்துக்கிற கூட்டமும். சோய்ச்சிரோவைக்கூட வில்லன் ஆக்கலை. கடைசித் தொகுதியில் ஒரு கல்லறைக் காட்சி இருக்கு. அங்கே கோடாய் இறந்தவன்கிட்ட பேசறது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா 'அவளை மறக்க வை' என்ற பக்கமே போகாம, ஒரு பெண்ணின் கடந்த காலத்தோட என்ன பண்றது என்ற கேள்விக்கு அவன் கண்டுபிடிக்கிற பதிலுக்காகவே 15 தொகுதியும் படிக்கலாம்.

எப்படிப் படிக்கலாம்?

தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் விஸ் மீடியா வெளியிட்டிருக்கு. 2020-ல் இருந்து 10 தொகுதிகளா ஒரு கலெக்டர்ஸ் எடிஷனும் வந்திருக்கு. ஒருத்தர் பாக்கெட்டுக்கு அது கனம்தான். நாலு பேர் சேர்ந்து ஒவ்வொரு தொகுதியா வாங்கி ரூமுக்கு ரூம் சுற்ற விடலாம், இக்கோகு-கான் மாதிரியே. காலேஜ் லைப்ரரியில் 'புத்தகப் பரிந்துரை' என்று ஒரு நோட்டு தூங்கிட்டு இருக்கும், அதில் எழுதிப் போடலாம். படிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு 1986-ல் இருந்து 1988 வரை வந்த அனிமே இருக்கு, 96 எபிசோட். ஆனா என் ஓட்டு மாங்காவுக்குத்தான். அந்த மௌனமான கட்டங்கள், ஒன்றும் நடக்காத மாடிப்படி, பனி விழுற தெரு, இதெல்லாம் நம்ம வேகத்தில் நின்று பார்க்கக் கிடைக்கணும்.

ஒரே மூச்சில் படிக்காதீங்க. அது இந்தத் தொடருக்குச் செய்யற அநியாயம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரயிலில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். எண்ணூர் தாண்டற வரைக்கும் உட்கார இடம் கிடைக்காது, அதுவரைக்கும் பாட்டுக் கேளுங்க. மீஞ்சூர்ல கூட்டம் இறங்கும். அங்கிருந்து பொன்னேரி, கவரைப்பேட்டை வர்றதுக்குள்ள ரெண்டு அத்தியாயம் தாராளமாப் போகும். ஒரு நாளைக்கு ரெண்டு என்று வைத்தால் மூணு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவா முடிஞ்சுடும், ஒரு செமஸ்டருக்குள்ள.

முதல் தொகுதியில் பிடிக்கலைன்னா? மூணாவது தொகுதி வரைக்கும் டைம் கொடுங்க. முதல் தொகுதி இன்னும் 'உருசேய் யாட்சுரா'வின் நிழலில்தான் இருக்கு, கலாட்டாதான் அதிகம். தகஹாஷிக்கே தன் கதை எங்கே போகுதுன்னு பிடிபட்டது கொஞ்சம் தள்ளித்தான் என்று படிக்கும்போது தோணும். மூணாவது முடிச்சும் கியோகோ மேலயோ கோடாய் மேலயோ அக்கறை வரலைன்னா தயங்காம மூடி வைங்க. கட்டாயத்தில் படிக்க நமக்கு ஏற்கெனவே யூனிட் 1-ல இருந்து யூனிட் 5 வரைக்கும் இருக்கு.

படிச்சு முடிச்சவங்க அடுத்த இதழுக்கு எழுதுங்க. முக்கியமா, கோசுயே விஷயத்தில் கோடாய் பண்ணினது சரிதான்னு நினைக்கிறவங்க யாராவது இருந்தா கண்டிப்பா எழுதுங்க. நாம பேசலாம்.